மகளை எம்.பி.எச். படிக்க அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

நர்சிங் முடித்த மகள் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) சேரப் போகிறேன் என்கிறாள். "ஏழை ஜனங்களை வைத்துச் சோதனை செய்கிற வேலையாச்சே" என்று குடியாத்தத்தில் உறவினர் சொன்னதிலிருந்து உங்களுக்கு மனசு சரியில்லை.

அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள். செய்தது அந்த நாட்டு அரசின் சுகாதாரத் துறை.

நம் வேலூருக்கே வருவோம். 1986-ல் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை இங்குள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து பரிசோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த அந்த வேலை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்ற வழி திறந்தது. ஆனால் அந்தப் பெண்கள் அரசுக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். இப்போது 2017-ன் எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது என்பதே பொது விதி.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். மக்களிடம் ஓர் ஆய்வு தொடங்குமுன், அது யாருக்கும் அநியாயம் செய்யாமல் நடக்குமா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் தர வேண்டும். அதில் மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவரும் இருப்பார். அப்புறம் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து தகவல் தாளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்றால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூட இருக்கும்போதுதான் கைநாட்டு வாங்கலாம். பாதியில் "போதும்மா" என்று அவர் எழுந்துவிட்டால் விட்டுவிட வேண்டும், சிகிச்சையில் ஒரு குறையும் வைக்காமல். இதைப் பொறுமையாகச் செய்ய நர்சிங் படித்த பெண்ணைவிடப் பொருத்தமானவர் யார்?

படிப்பு இரண்டு வருடம். எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும், விண்ணப்பிக்குமுன் பாருங்கள். சேருமுன் சி.எம்.சி.யின் சமூக சுகாதார மையங்களான பாகாயத்தில் உள்ள 'சாட்', கே.வி.குப்பம் பக்கம் 'ருசா', கரிகிரி தொழுநோய் மையம் போன்ற இடங்களில் அனுமதி கேட்டு, களப்பணியை ஒரு நாள் நேரில் பார்த்து வரட்டும். கல்லூரியிலும் கட்டணத்தை விசாரிப்பதோடு நிறுத்தாமல், "சம்மதம் வாங்குவதைக் களத்தில் யார் கற்றுத் தருவார்கள்?" என்று கேளுங்கள். பதில் வகுப்பறையோடு முடிந்தால் வேறு கல்லூரி பார்க்கலாம்.