சைபர் பாதுகாப்பு நிறுவனம்: வேலையை எப்போது விடலாம்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் சைபர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். கணினிகளில் நடக்கும் ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றை நண்பருடன் சேர்ந்து எழுதியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு நிறுவனம் தொடங்கலாமா?

பதில்: பாராட்டியவர்களில் யாராவது விலை கேட்டார்களா? இல்லையென்றால் ராஜினாமாக் கடிதத்தைத் தள்ளிப்போடுங்கள்.

விண்டோஸுடனேயே மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் வந்துவிடுகிறது. அதற்குத் தப்பும் எதை நீங்கள் பிடிக்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிவிட்டாலும், வாங்குபவருக்கு உங்கள் மீதுதான் முதல் சந்தேகம். கணினியின் அடிமட்டம் வரை அனுமதி கேட்கும் மென்பொருள் அல்லவா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்தை நம்பத் தயங்கத்தான் செய்வார்கள்.

அந்தத் தயக்கம் உங்களிடம் ஒரு எக்செல் கோப்பாக வந்து சேரும். மூலநிரலைத் தொடும் அனுமதி யாருக்கெல்லாம் உண்டு, பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், விலகிப்போன ஊழியரின் கணக்கு எத்தனை மணி நேரத்தில் மூடப்படும் என்று வரிவரியாகக் கேட்பார்கள். கூடவே எஸ்ஓசி 2 அறிக்கையும் கேட்கக்கூடும்; வாடிக்கையாளர் தரவைப் பாதுகாக்கும் உங்கள் கட்டுப்பாடுகளை வெளித் தணிக்கையாளர் சோதித்துத் தரும் அறிக்கை அது. அதில் இரண்டாம் வகைக்கு, கட்டுப்பாடுகள் சில மாதங்களாவது தொடர்ந்து நடைமுறையில் இருந்ததற்கான சான்றுகளைத் தணிக்கையாளரிடம் காட்டியாக வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதங்கள் சுருங்கா. எனவே முதல் நாளிலிருந்தே பதிவுகளைச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது, வாங்கும் முன் வாடிக்கையாளர் உங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் இலவசச் சோதனை. நான் சறுக்கிய இடம் அதுதான். 30 நாள் என்று தொடங்கியது ஏழு மாதம் இழுத்தது. வாரம் தவறாமல் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக ஒரு வசதி கேட்டார்கள், நாங்களும் இரவு பகலாகச் செய்து கொடுத்தோம். எதிரே உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு ஒரு ரூபாய்க்குக்கூடக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்காதது என் தவறு. எந்தத் தாக்குதலைப் பிடித்தால் வெற்றி, நாளொன்றுக்கு எத்தனை பொய் எச்சரிக்கை வரை பொறுப்பார்கள், கடைசித் தேதி எது, வெற்றி பெற்றால் யார் எவ்வளவு தருவார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வேலையில் இருந்துகொண்டே எழுதிய மென்பொருள் என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன்: அலுவலக மடிக்கணினியிலா எழுதினீர்கள்? உங்கள் பணி ஒப்பந்தப்படி அந்த நிரல் முதலாளிக்கே சொந்தமாக இருக்கலாம். முதலீட்டாளரைப் பார்க்கும் முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.