மலைப்பாதையில் முட்டும் அவசரம்

கேள்வி: என் வயது 24. திருமணம் ஆகவில்லை. அஸ்தம்பட்டியில் இருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதுமே சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. இறங்கி ஓடுவதற்குள் உள்ளாடை நனைந்துவிடுகிறது. பயந்துகொண்டு காலையில் தண்ணீரே குடிப்பதில்லை, காப்பி மட்டும்தான். கிளம்பும் முன் இரண்டு மூன்று முறை போய்விட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அப்படியும் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தொந்தரவு ஆகுமா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: பிள்ளை பெறாத இளம்பெண்களுக்கும் இது வரும். தாம்பத்தியத்துக்கோ குழந்தைப் பேற்றுக்கோ இதனால் தடை இல்லை. ஆனால், கர்ப்பம் இடுப்புத் தசைகளுக்குக் கூடுதல் சுமை என்பதால் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

நீங்கள் தற்காப்புக்காகச் செய்கிற மூன்று காரியங்களுமே தொல்லையைக் கூட்டுகின்றன. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும்; கிருமித்தொற்றுக்கும் வழிவிடும். காப்பியில் உள்ள கஃபீன் சிறுநீரைப் பெருக்கி, பையின் தசையையும் தூண்டும். வராதபோதே 'எதற்கும் இருக்கட்டும்' என்று போய்ப் போய் பழகினால், 300 முதல் 500 மில்லி வரை தாங்க வேண்டிய பை, 100 மில்லியிலேயே மணி அடிக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு மலைக்குளிர். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீரைப் பிரிக்கும்.

முதலில் யூரின் ரொட்டீன் (சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை), யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது), சர்க்கரை மூன்றும் பாருங்கள். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் தரும் டப்பாவில் பிடித்து உடனே கொடுத்துவிட வேண்டும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு பிறகு கல்ச்சருக்குப் போனால், தொற்று இருந்தும் இல்லை என்று வரலாம்.

தொற்றோ சர்க்கரையோ இல்லை என்றால் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்: என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி போனது, எப்போது கசிந்தது. அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். முக்கால் மணிக்கு ஒருமுறை போகிறீர்கள் என்று தெரிந்தால், முதல் வாரம் அதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தள்ளுங்கள். அப்புறம் வாரம் 15 நிமிடம் கூட்டி, இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அங்கே விட்டுவிடாதீர்கள்.

அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. ஓட்டத்தில்தான் கசிகிறது. நின்ற இடத்தில் நின்று, வாயு வெளியேறாமல் அடக்குவது போல இடுப்புத்தளத் தசையைப் படபடவென ஐந்தாறு முறை இறுக்கி இறுக்கித் தளர்த்துங்கள். அந்த இறுக்கம் பையின் சுருக்கத்தைத் தணிக்கும். அவசரம் இறங்கியபின் நடந்து போங்கள். இதே தசையை 5 விநாடி இறுக்கி 5 விநாடி தளர்த்துவது ஒரு முறை. பத்து முறை வீதம் தினம் மூன்று வேளை செய்து, போகப்போக இறுக்கும் நேரத்தைப் பத்து விநாடி ஆக்குங்கள். பலரும் தசையை மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள்; அது கசிவைக் கூட்டும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், அது இறுகக் கூடாது. மூச்சையும் அடக்காதீர்கள்.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பிரித்துப் பிரித்து. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் குடியுங்கள். பஸ் ஏறுவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம் எதுவும் வேண்டாம், காப்பியை ஏற்காடு போய்ச் சேர்ந்தபின் குடிக்கலாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். வெஸ்டர்ன் கழிப்பறையில் அரைகுறையாகக் குந்தினால் தசை தளராது, சிறுநீர் மிச்சம் நிற்கும்.

ஆறேழு வாரத்தில் குறையவில்லை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நல மருத்துவரையோ யூராலஜி மருத்துவரையோ பாருங்கள். சாலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள் உண்டு. முன்னதில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரலாம். பின்னதற்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு விலாவலி, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

கேள்வி: ஓமலூரில் கல்லூரி மாணவி நான். கபடி ஆடும்போதும் இருமும்போதும் சொட்டுகிறது. அவசரமெல்லாம் இல்லை. இதுவும் அதேதானா?

பதில்: இல்லை. வயிற்றின் அழுத்தத்தை இடுப்புத்தளத் தசையால் தாங்க முடியாததால் வருவது இது. மேலே சொன்ன மாத்திரைகள் இதற்கு உதவாது. இறுக்கித் தளர்த்தும் பயிற்சியே முதல் சிகிச்சை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இருமுவதற்கும் குதிப்பதற்கும் ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கப் பழகுங்கள். மாதவிடாய் நாப்கினை ஆட்டம் முழுக்க வைத்திருந்தால் ஈரம் நின்று அரிப்பு வரும்; சிறுநீர்க் கசிவுக்கென்றே விற்கும் மெல்லிய பேட் வாங்கி, நனைந்ததும் மாற்றுங்கள்.