அச்சிலேயே பார்த்துவிட்ட ஓவியத்தை நேரில் காணப் பயணம் செய்ய வேண்டுமா?

பிடித்த ஓவியர் ஒருவரின் படைப்புகளை நேரில் காண்பதற்கென்றே பயணம் செய்தவர் உண்டா, அச்சிலும் திரையிலும் அவை இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும்போது அதற்குத் தேவைதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், இன்னும் முடிக்கவில்லை. என் ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர். 1632-இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்து 1675-இல் மறைந்த இந்த டச்சு ஓவியரின் கைவண்ணம் என்று இன்று ஏற்கப்படுபவை ஏறத்தாழ 35 ஓவியங்களே. சிலவற்றைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படி எண்ணினாலும், ஒருவர் தம் ஆயுளுக்குள் பார்த்து முடிக்கக்கூடிய தொகை அது என்பதே என்னைப் புறப்பட வைத்தது.

அச்சு நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டால், நிறத்தைவிட அளவைத்தான் முதலில் சொல்வேன். என்னிடம் இருந்த படத்தொகுப்பில் 'சரிகைப் பின்னல்காரி' முழுப் பக்கத்தையும் நிறைத்திருந்தாள். 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' அரைப் பக்கத்தில் அடங்கியிருந்தது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அந்தப் பின்னல்காரியைத் தேடி அறையை இருமுறை சுற்றிய பிறகுதான், ஏறக்குறைய 24 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்ட அந்தச் சிறு துணி என் கண்ணில் பட்டது. அதைப் பார்க்க நெருங்கிப் போக வேண்டும், தலையைத் தாழ்த்த வேண்டும், மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும். அதாவது, அவள் தன் நூலின் மீது எப்படிக் குனிந்திருக்கிறாளோ அப்படியே நாமும் அவள் மீது குனிந்து நிற்கிறோம். அவளருகே தையல் திண்டிலிருந்து வழியும் சிவப்பு, வெள்ளை நூல்கள் அந்த நெருக்கத்தில் நூலாகவே தெரியவில்லை, ஓடவிட்ட வண்ணமாகத்தான் தெரிந்தன. ஓரடி பின்னால் வந்தேன், மறுபடியும் நூலாகிவிட்டன. இந்த ஓரடியைப் புத்தகத்தில் எடுத்துவைக்க முடியாது.

தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸில் உள்ள 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' இதற்கு நேர்மாறானது. ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான உயரமும் அதைவிட அதிக அகலமும் உடைய அந்த ஓவியத்தின் முன் கால்கள் தாமாகப் பின்வாங்குகின்றன. முன்னே நீரும் கரையோரக் கட்டடங்களும் மேகத்தின் நிழலில் இருக்க, பின்னால் கூரைகளிலும் தேவாலயக் கோபுரத்திலும் வெயில் விழுந்திருக்கிறது. அடுத்த கணத்தில் மேகம் நகர்ந்துவிடுமோ என்று நான் காத்துக்கொண்டே நின்றேன். உலகமறிந்த 'முத்துக் காதணி அணிந்த பெண்' அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கொடுத்ததைவிட அதிக நேரத்தை இந்த நகரத்துக்கே கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்தது இன்னும் ஆழமானது. திறந்த சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியத்தை இளவயதிலிருந்தே நான் நேசித்ததற்குக் காரணம், அவளுக்குப் பின்னால் இருந்த வெறுமையான சுவர். அந்தச் சுவருக்கு அடியில் மன்மதனின் உருவம் மறைந்திருப்பது 1979-இல் எக்ஸ்ரே படத்தில் தெரியவந்தபோது, வெர்மீரே அதை மூடியிருப்பார் என்று நம்பினார்கள். பின்னர் நடந்த ஆய்வில் இரண்டு வண்ண அடுக்குகளுக்கும் நடுவே அழுக்குப் படிந்திருப்பது தெரிந்தது. ஆகவே அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வேறொருவர் பூசியதுதான் அந்தச் சுவர் என்ற முடிவுக்கு வந்து, மேற்பூச்சை நீக்கி, 2021-இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். நான் போனபோது மன்மதன் அவளுக்குப் பின்னால் பெரிதாக நின்றுகொண்டிருந்தான். நான் நேசித்த அந்த மௌனத்தைப் படைத்தவர் வெர்மீர் அல்லர் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு அந்த முழு மாலையும் தேவைப்பட்டது. இப்போது அது காதல் கடிதம் என்று ஓவியமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் என் பழைய படத்தொகுப்பை நான் தூக்கிப் போடவில்லை.

நீங்களும் புறப்படுவதாயின், தேடிப் போகும் ஓவியம் அதன் இடத்தில்தான் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில்தான், நான் காணவந்த ஓவியம் கடனாக வேறு நாட்டுக்குப் போயிருப்பதை அறிந்தேன். 2023-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 28 ஓவியங்களை ஒரே இடத்தில் திரட்டியபோது, திறந்த சில நாள்களிலேயே நுழைவுச்சீட்டுகள் தீர்ந்துபோயின, எனக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அங்கே சென்று, 'பால் ஊற்றும் பெண்ணின்' சுவரில் இருக்கும் ஆணியையும் அதன் சிறு நிழலையும் கூட்டமில்லாமல் நின்று பார்த்தபோது அந்த ஏமாற்றம் பெரும்பாலும் ஆறிவிட்டது.

இதுவரை 15 ஓவியங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது நியூயார்க், அங்கே இரண்டு அருங்காட்சியகங்களில் எட்டு ஓவியங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பாஸ்டனுக்கும் போவேன். 1990 மார்ச் 18 அன்று இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட 13 பொருள்களில் வெர்மீரின் 'கச்சேரி'யும் ஒன்று. அது இன்றுவரை மீட்கப்படவில்லை. அதன் வெற்றுச் சட்டகத்தை அவர்கள் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.