அமெரிக்க மிலிஷியாக்கள் எல்லாமே தீவிரவாதக் குழுக்களா?

மிலிஷியா என்றால் அரசு ராணுவத்தில் சேராமல், தாங்களே ஆயுதமேந்தித் திரளும் குடிமக்கள் படை. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. ஏப்ரல் 19 என்ற தேதியைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

1775இல் அன்றுதான், அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமாக, லெக்சிங்டனில் மிலிஷியா எனப்பட்ட ஊர்ப்படையினர் பிரிட்டிஷ் சிப்பாய்களை எதிர்த்து நின்றார்கள். 1993இல் அதே நாளில் டெக்சாஸின் வேகோவில், ஒரு மதக்குழுவின் மீது மத்திய அரசு நடத்திய 51 நாள் முற்றுகை தீயில் முடிந்து, குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய ஆண்டு ஐடஹோவின் ரூபி ரிட்ஜில், கைக்குழந்தையுடன் கதவருகே நின்ற ஒரு தாய் எஃப்.பி.ஐ. குண்டுக்குப் பலியாகியிருந்தார். இந்தக் கோபத்தில்தான் 1994இல் மான்டனா, மிச்சிகன் மிலிஷியாக்கள் முளைத்தன.

1995, மீண்டும் ஏப்ரல் 19: ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பில் 168 பேர் பலி. குண்டு வைத்த திமோத்தி மெக்வே மிலிஷியா உறுப்பினர் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வேகோவுக்குப் பழிவாங்கியதாக அவரே சொன்னார். சர்ச்சையின் முடிச்சு இதுதான்.

மிலிஷியா ஆதரவாளர்கள், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாம் சட்டத்திருத்தத்தைக் காட்டுவார்கள். மிலிஷியா என்ற சொல் அதில் இருப்பது உண்மைதான். தனியார் ஆயுத அணிவகுப்புகளை மாநிலங்கள் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1886லேயே தீர்ப்பளித்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

காட்டில் பயிற்சி எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களைத் தீவிரவாதிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஓத் கீப்பர்ஸ் என்ற மிலிஷியா குழுவின் கதை வேறு. டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6க்காக, வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியா ஹோட்டல் அறையில் துப்பாக்கிகளைக் குவித்துவைத்தார்கள். அரசுக்கு எதிரான சதிக்காகத் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் தண்டனையைக் குறைத்ததும் அவர் வெளியே வந்துவிட்டார்.