‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை ஆய்வுக் கட்டுரைக்காக எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது?

பட்டியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 195 நிமிடப் படம் இது. இரண்டாம் உலகப் போரின்போது தன் தொழிற்சாலைக்கு வேலையாட்கள் என்று யூதர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு அவர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரின் கதை. கறுப்பு வெள்ளை, சிவப்புக் கோட்டுச் சிறுமி, இசை என்று எல்லாவற்றையும் தொடப் போனால் கட்டுரை மேலோட்டமாகவே நிற்கும். தலைப்பில் இருக்கும் அந்தத் தாளை மட்டும் விடாமல் தொடருங்கள். மற்றவை கூடவே வந்துவிடும்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: நேரம், பெயரைக் கேட்பவர், எழுதுபவர், எதற்காக. நேரத்தோடு காட்சியையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பழைய பி.ஏ.எல். (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறை) டிவிடிகளில் நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 25 ஓடுவதால் படம் சுமார் 187 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் வித்தியாசம் வரும்; வெறும் நேரத்தை மட்டும் குறிப்பிட்டால் வேறு பிரதி வைத்திருப்பவர் அந்த இடத்தைத் தேடி அலைவார்.

தொடக்கத்தில் மெழுகுவத்தி அணைகிறது. அதன் புகை ரயில் புகையாக மாறுகிறது, நிறமும் போய்விடுகிறது. அடுத்து போலந்தின் கிராக்கோவ் நகர ரயில் நிலையத்தில் மடக்கு மேசையை விரிக்கிறார்கள். மைப்புட்டி, முத்திரை, தட்டச்சு இயந்திரம். வந்து இறங்கும் யூதர்களிடம் கேட்கப்படுவது பெயர். உங்கள் நோட்டின் முதல் வரிசை இது.

மிக நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம், ஷிண்ட்லரின் யூதக் கணக்கர் ஸ்டெர்ன் தவறுதலாக முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றப்படும் காட்சி. ரயிலில் ஏற்ற வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அதனால் இறக்க முடியாது என்கிறார் எழுத்தர். ஷிண்ட்லர் பட்டியலைப் பற்றி வாதாடவில்லை. எழுத்தரின் பெயரையும் பக்கத்தில் நிற்கும் படைவீரரின் பெயரையும் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். இருவரும் பயந்துபோய் அவரோடு ரயில் நெடுக ஸ்டெர்ன் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். படத்தில் ஷிண்ட்லர் எழுதும் பெயர்களில் இந்த ஜெர்மானியர் பெயர்களும் உண்டு என்பதைப் பெரும்பாலான கட்டுரைகள் கவனிப்பதே இல்லை. ஸ்டெர்ன் இறங்கிய பிறகு எழுத்தர் சொல்வதையும் கேளுங்கள்: இவரா அவரா என்பது அவருக்கு ஒன்றுதான், காகித வேலைதான் தொந்தரவு. உடனே காட்சி மாறிப் பயணிகளின் பெட்டிகள் கிடங்கில் கொட்டப்படுகின்றன.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஆஷ்விட்ஸ் காட்சி. ஷிண்ட்லரின் பட்டியலில் இருந்த பெண்கள் வழிமாறி இந்த நாஜிக் கொலைமுகாமுக்குப் போய்விடுகிறார்கள்; அவர்களுக்குப் பதில் வேறு முந்நூறு பேரைத் தருவதாக முகாம் அதிகாரி ஹோஸ் சொல்கிறார். ஷிண்ட்லர் தன் பட்டியலில் உள்ள அதே பெண்கள்தான் வேண்டும் என்று நிற்கிறார். எழுத்தருக்கு யாரானாலும் ஒன்றுதான், இவருக்கு அப்படி இல்லை. இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்தாலே கட்டுரையின் பாதி எழுதியாயிற்று.

மூன்றாம் முறை, கெட்டோவை (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) நாஜிகள் காலிசெய்யும் பகுதியை மட்டும் ஒலியை அணைத்துப் பாருங்கள். கேமரா தோளில் ஆடுகிறதா, நிலையாக நிற்கிறதா, யார் பக்கம் நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு ஒலியோடு, வசன வரிகளை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜெர்மன் கட்டளைகள் புரியாமல் காதில் விழும்போது, அங்கே நின்ற குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது உறைக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, படத்தையே வரலாறாக எழுதிவிடுவது. படத்தில் வரும் ஸ்டெர்ன், நிஜத்தில் வாழ்ந்த இட்ஸாக் ஸ்டெர்ன், மியெடெக் பெம்பர், ஆபிரகாம் பாங்கியர் ஆகிய மூவரையும் சேர்த்துச் செய்த பாத்திரம். ஷிண்ட்லர் பெயர்களைச் சொல்லச் சொல்ல ஸ்டெர்ன் தட்டச்சு செய்யும் அந்த இரவு நடந்ததல்ல. 1944 அக்டோபரில் பட்டியல் உருவான சமயத்தில் ஷிண்ட்லர் கைதாகிக் காவலில் இருந்தார் என்று வரலாற்றாய்வாளர் டேவிட் குரோ காட்டியிருக்கிறார். பெயர் சேர்ப்பது பெருமளவு மார்செல் கோல்ட்பெர்க் என்ற முகாம் எழுத்தரிடம் இருந்தது, லஞ்சமும் புழங்கியது. பட்டியலில் இருந்த ஆண்கள் குரோஸ்-ரோசன் முகாம் வழியாகத்தான் ஷிண்ட்லரின் புதிய தொழிற்சாலை இருந்த புரூன்லிட்ஸ் போனார்கள். படத்தில் அது இல்லை. 1945 ஜனவரியில் கோலெஷாவ் முகாமிலிருந்து உறைந்த சரக்குப் பெட்டிகளில் வந்தவர்களை ஷிண்ட்லரின் மனைவி எமிலி பார்த்துக்கொண்டதும் படத்தில் இல்லை. அவருடைய பங்கு இவ்வளவு சிறிதாகக் காட்டப்பட்டது இந்தப் படத்தின் பெரிய குறை என்பேன். காரைக் காட்டி, இதை விற்றிருந்தால் இன்னும் பத்துப் பேர் என்று ஷிண்ட்லர் உடைந்து அழுவதும் திரைக்கதைக்காக எழுதப்பட்டது. ‘படம்’, ‘ஆவணம்’ என்று நோட்டில் இரண்டு நிற மை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இடங்களிலும் கவனம் தேவை. கெட்டோ இருந்தது விஸ்துலா ஆற்றுக்குத் தெற்கே போட்குஷே பகுதியில். அதன் பல காட்சிகளைப் படமாக்கியது ஆற்றின் மறுகரையில் உள்ள காஜிமியெஷ் பகுதியில். கிராக்கோவின் பிளாஷோவ் கட்டாய உழைப்பு முகாமுக்கு லிபான் கல்குவாரியில் செட் போட்டார்கள், அதன் மிச்சம் பின்னாலும் அங்கே கிடந்தது. உண்மையான முகாம் யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேல் கட்டப்பட்டது, கல்லறைக் கற்களைப் பாதையில் பதித்ததும் உண்மை. ஆனால் குவாரியில் எடுத்த கல்லறைக்கல் பாதைப் படங்கள் இணையத்தில் முகாமின் படங்களாகச் சுற்றுகின்றன. கட்டுரையில் ஒட்டுவதற்கு முன் எங்கே எடுத்தது என்று பாருங்கள்.