தாய்லாந்தில் டீச்சர் வேலை: பேயை விடுங்கள், ஏஜென்டைப் பாருங்கள்

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கணிதத்தில் பி.எட். முடித்த மகளுக்கு வடகிழக்குத் தாய்லாந்தில், உடோன் தானி பக்கம் ஒரு பள்ளியில் வேலை வந்திருக்கிறது. சம்பளம், தங்குமிடம் எல்லாம் பரவாயில்லை. ஆனால் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஆவிக்கு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே எல்லாம் மாந்திரீகம்தான் என்று யாரோ சொல்லப்போக, அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அனுப்பலாமா, வேண்டாமா?

அம்மா, அந்த ஆவி வீடு உண்மைதான். கம்பத்தின் மேல் குட்டிக் கோயில் மாதிரி நிற்கும். இடத்தைக் காக்கும் தெய்வத்துக்கு என்று வீடு, கடை, ஹோட்டல் என எங்கும் வைத்திருப்பார்கள். பூமாலை, பழம், பக்கத்தில் ஸ்ட்ரா போட்ட சிவப்பு ஃபேன்டா பாட்டில். நம் முனியப்பனுக்குச் சுருட்டு வைப்பதில்லையா? பாப்பா அதன் முன்னால் சிரிக்காமல், செல்ஃபிக்காக அதன் மேல் சாயாமல், பாட்டிலை எடுத்து ஓரம் வைக்காமல் இருந்தால் போதும்.

வெளியே கிளம்பும்போது பல்லி கத்தினால் அங்கேயும் சகுனம் பார்க்கிறார்கள். பச்சைக் குழந்தையை 'அழகாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னால் ஆவி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் நமக்கு இதெல்லாம் அப்படி ஒன்றும் புதிதல்ல.

வகுப்பறைக்குள் மட்டும் கவனம் தேவை. தலை என்பது அங்கே உடம்பிலேயே உயர்ந்த இடம். கணக்குத் தப்பாகப் போட்ட பையன் தலையில் செல்லமாகக்கூடக் குட்டக் கூடாது. (குட்டுவது இங்கேயும் தப்புதான், நம் டீச்சர்கள் விட்டபாடில்லை.) காலை நீட்டி எதையும் காட்டக் கூடாது. பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. செத்தவர் பெயரைத்தான் அப்படி எழுதுவார்கள் என்பது நம்பிக்கை. பேப்பர் திருத்தப் பச்சைப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டால் முடிந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அங்கே பள்ளி மே மாத நடுவில் திறக்கும். திறந்த கொஞ்ச நாளில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை, 'வாய் க்ரு' என்று ஆசிரியர் வணக்கம் நடக்கும். நமக்கும் வியாழன்தானே குருவுக்கு உரிய நாள். பிள்ளைகள் தட்டில் அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ வைத்துக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் மண்டியிடுவார்கள். அருகம்புல் போல அறிவு படர வேண்டும், இட்லிப்பூ மொட்டு போலப் புத்தி கூராக வேண்டும், கத்தரிப்பூ போலத் தலை தாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு. பாப்பா கூச்சப்பட்டு எழுந்துவிடாமல் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதேபோல, அந்தப் பக்கத்தில் புதிதாக வருபவர்களுக்குப் பெரியவர்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஆசி சொல்வார்கள். அது மாந்திரீகம் அல்ல, வரவேற்பு. உடனே அறுத்துப் போடக் கூடாது. மூன்று நாளாவது கையில் இருக்கட்டும்.

மாணவர்கள் 'பேய் இருக்கா டீச்சர்?' என்று கேட்பார்கள். கேலி செய்யவும் வேண்டாம், பொய்யாக ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எங்கள் ஊரிலும் புளியமரத்தில் இருக்கிறது என்பார்கள், நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் பேயோட்டுபவரிடம் கூட்டிப்போனால் அதைச் சும்மா விட முடியாது. அதற்காகப் பெற்றோரிடம் நேரே வாதாடப் போக வேண்டாம். அந்த ஊர் வகுப்பாசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். அவர் பேச்சை அவர்கள் கேட்பார்கள்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயம் அங்கேதான். பாங்காக்கில் வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்த கொடுமை நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே நடந்திருக்கிறது. அதனால் வேலை வாங்கித் தரும் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சந்தேகம் என்றால் சென்னையில் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். "டூரிஸ்டாக வாங்க, அப்புறம் மாற்றிக்கலாம்" என்றால் டிக்கெட் போடாதீர்கள். வேலைக்கான நான்-பி விசாவும், போனதும் வேலை அனுமதியும் வேண்டும். குருசபா என்ற ஆசிரியர் கவுன்சிலின் உரிமத்தையோ தற்காலிக அனுமதியையோ பள்ளி எப்படி வாங்கித் தரும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பாப்பாவிடம் சொல்லி அந்தப் பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு வீடியோ காலில் பேச ஏற்பாடு கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக்காரர்கள் அதற்கு மழுப்பினால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.