பொருளாதார நெருக்கடி நேரத்தில் உள்ளூர்ச் சுற்றுலாவை எப்படி வளர்ப்பது?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் இரண்டு மூன்று அறைகளை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிற ஆள் போலத் தெரிகிறது. கட்டுரை எழுதக் கேட்கிற மாணவர் என்றால் இந்தப் பதில் உதவாது, மன்னிக்கவும்.

யாழ்ப்பாணத்தில், நல்லூருக்குக் கிட்ட, எங்கள் வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, எழும்புவதற்குள் 2022 பொருளாதார நெருக்கடி. வெள்ளைக்காரர் இல்லை. தெற்கிலிருந்து காரில் வருகிற சனமும் நின்றுவிட்டது. கையில் காசில்லை போல என்று நினைத்து வாடகையைப் பாதியாக்கினேன். அப்படியும் ஒருவரும் வரவில்லை.

ஓகஸ்டில் எரிபொருளைக் கிழமைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கிற கியூ.ஆர். முறை வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கொழும்பிலிருந்து இங்கே 400 கிலோமீற்றர். வந்தால் திரும்பிப் போக எண்ணெய் இல்லை. அறையைச் சும்மா கொடுத்தாலும் எப்படி வருவார்கள்?

ஆனால் ரயில் ஓடியது. கொட்டிலில் அப்பாவின் ரலி சைக்கிளும் இரண்டு லுமாலா சைக்கிளும் கிடந்தன. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது, பெற்றோல் இல்லாமல் இருக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சைக்கிள்களுக்கு டயர், டியூப் மாற்றினேன். சிங்களம் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியைப் பிடித்து, "ரயிலில் வாருங்கள், இங்கே சைக்கிள் இருக்கிறது, நயினாதீவுக்கு பஸ்ஸும் படகும் இருக்கிறது" என்று பேஸ்புக்கில் சிங்களத்தில் போட்டேன். அதில் இரண்டு எழுத்துப் பிழை. திருத்த வந்தவர்களாலேயே பதிவு பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் வந்தது குருநாகலில் இருந்து ஒரு குடும்பம். பெடியன்கள் இருவரும் சைக்கிளில் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனார்கள். பாட்டி குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ் ஏறி, படகில் நயினாதீவிலுள்ள நாகதீப விகாரைக்குப் போய்வந்தார். அன்றிரவு காஸ் இல்லாமல் அம்மா விறகடுப்பில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாக் கூழ் காய்ச்சினா. நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, எங்களுக்கென்று காய்ச்சியது. மணத்துக்குப் பாட்டி குசினிக்கே வந்துவிட்டார். உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது தரமும் பிளாவை (பனையோலைக் குவளையை) நீட்டினார். போகும்போது கூழுக்கென்று தனியாகக் காசு வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பலர் முதலில் கேட்டதே கூழ்தான்.

சனம் பால்மாவுக்கு வரிசையில் நிற்கும்போது சுற்றுலா ஒரு கேடா என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். அந்த நண்டு விற்ற அக்காவும் அதே வரிசையில்தான் நின்றா. மூன்று அறைக்காரன் பெரிய கதை சொல்கிறான் என்று ஹொட்டேல்காரர்கள் சிரிக்கலாம், அதுவும் சரி.

என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த வருட நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நின்றார். டொலர் 360 ரூபாய் விற்ற நேரம், ஆயிரம் என்றால் மூன்று டொலர்கூட இல்லை! குருநாகல்காரர் ஒரு சொல் பேரம் பேசவில்லை. கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கு வடக்கே பாதை திருத்த ரயிலை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். சைக்கிள்கள் திரும்பக் கொட்டிலுக்குப் போயின. உங்கள் ஊருக்கு ரயில் வருகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.